களம் யாருடையது? நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பார்வை

சங்கராந்திக்குப் பத்து நாள் இருக்கும்போதே நாகலாபுரம், பிச்சாட்டூர், சத்தியவேடு பக்கத்து முச்சந்திகளில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். மேலே தலைவர்களின் படங்கள், கீழே அமைப்பாளர்களின் படங்கள், நடுவே மிஞ்சிய இடத்தில் விஷயம்: டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி, முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஒரு அணிக்கு நுழைவுக் கட்டணம். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘முக்குல போட்டி’. முக்கு என்றால் கோலம். பையன்களுக்குப் பந்து, பெண்பிள்ளைகளுக்குக் கோலமாவு. கபடியும் வாலிபாலும் ஒரு வருஷம் இருக்கும், மறு வருஷம் இருக்காது. தடகளம் எந்த வருஷமும் இருக்காது.

ஊரின் விளையாட்டு வாழ்க்கை முழுவதும் அந்தப் பத்தடிக்கு எட்டடித் துணியில் இருக்கிறது என்று சொன்னால் மிகை என்பார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனாலும் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. வளரும் பிள்ளைகளின் நேரத்தையும் இடத்தையும் ஊர்ப் பணத்தையும் ஒரே ஆட்டம் வாரிக்கொண்டால் மற்ற ஆட்டங்களுக்கு என்ன ஆகிறது? பாட்டு, நாடகம், ஓவியம் இவற்றுக்கு என்ன ஆகிறது? கிரிக்கெட்டைத் திட்டுவது எளிது. ஐம்பது வருஷமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தத் திட்டு சரியான விலாசத்துக்குப் போகிறதா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரில் ஏற்படுத்திய ஊர் நாகலாபுரம். மச்ச அவதாரத்தில் பெருமாள் நிற்கும் வேதநாராயணர் கோயிலும், மார்ச் மாதத்தில் கருவறைக்குள் விழும் சூரிய ஒளியும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்துக்கும் ஆந்திரத்துக்கும் எல்லை திருத்தியபோது திருத்தணி தெற்கே போனது, சத்தியவேடு பக்கம் வடக்கே வந்தது. 2022 ஏப்ரலில் இந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டமானது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, அல்லது நேர்மாறாக. பேருந்தில் ஏறினால் ஊத்துக்கோட்டை, அதற்கப்பால் சென்னை. ஆக, இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இரண்டு மாநிலத்தின் விளையாட்டு ஆசைகளும் கிடைக்கின்றன. இரண்டு மாநிலத்தின் தேர்வு பயமும் கூடவே கிடைக்கிறது.

ஒரே ஆட்டம் பள்ளியை விழுங்குவது என்றால் எப்படியிருக்கும் என்பதை அறிய டெக்சாஸ் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து ஏறக்குறைய ஊர்த் திருவிழா. வெள்ளிக்கிழமை இரவு கடைகளை அடைத்துவிட்டு ஊரே மைதானத்துக்குப் போகும். ஆலன் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதற்காக 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் அரங்கத்தை 2012-இல் திறந்தார்கள். இரண்டு வருஷத்தில் சிமென்ட்டில் விரிசல் கண்டு மூட வேண்டி வந்தது வேறு கதை. ஒடெசா என்ற எண்ணெய்க் கிணற்று ஊரின் பள்ளி அணியோடு ஒரு பருவம் முழுக்கத் தங்கி பிஸ்ஸிங்கர் என்ற பத்திரிகையாளர் 1990-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பதினேழு வயதுப் பையனின் முழங்காலில் ஊர் தன் மானத்தைக் கட்டிவைக்கும் கதை அது. ஊரில் பலருக்குப் புத்தகம் பிடிக்கவில்லை.

பிரீமாண்ட் கதை இன்னும் கூர்மையானது. தெற்கு டெக்சாஸின் சின்ன ஊர். பள்ளி மூடப்படும் நிலைக்கு வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: கால்பந்து ஆடும் ஒரு பையனுக்கு ஆகும் செலவு 1,300 டாலர், ஒரு மாணவருக்குக் கணிதம் சொல்லித்தர ஆகும் செலவு 618 டாலர். 2012-இல் கண்காணிப்பாளர் எல்லா விளையாட்டுகளையும் நிறுத்திவிட்டார். அந்தப் பருவத்தில் பாடங்களில் தேறியவர்கள் 80 சதவீதம். முந்தைய வருஷம் அது 50 சதவீதம். பள்ளி பிழைத்தது, பிறகு ஆட்டமும் திரும்பி வந்தது.

இந்த அமெரிக்கக் கதையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ‘அங்கே கால்பந்து, இங்கே கிரிக்கெட்’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு முக்கியமான வித்தியாசம் அதில் தொலைந்துபோகிறது. டெக்சாஸில் ஆட்டத்தை வளர்ப்பது பள்ளி. பயிற்சியாளருக்குச் சம்பளம், சீருடை, பேருந்து, அரங்கம் எல்லாம் பள்ளியின் கணக்கில் நடக்கின்றன. பள்ளி தன் கையாலேயே ஒரு பிள்ளைக்கு ஊட்டி மற்றப் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறது. அதனால்தான் 1972-இல் வந்த ‘டைட்டில் ஒன்பது’ என்ற சட்டத்தால் அதைத் தட்டிக்கேட்க முடிந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் பள்ளி ஆண், பெண் பேதம் காட்டக் கூடாது என்றது சட்டம். அதற்கு முந்தைய வருஷம் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் இருந்த பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்று 30 லட்சத்துக்கு மேல். தவறு செய்தது பள்ளி என்பதால் திருத்தச் சொல்ல ஒரு முகவரி இருந்தது.

நம்மவர்களிடையே அதற்கு நெருங்கிய உதாரணம் யாழ்ப்பாணம். யாழ் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் 1904 முதல் நடந்துவரும் கிரிக்கெட் போட்டியை ‘வடக்கின் போர்’ என்கிறார்கள். மூன்று நாள் ஆட்டம். வெளிநாட்டிலிருந்து பழைய மாணவர்கள் விமானம் பிடித்து வருகிறார்கள். பாண்டு வாத்தியம், கொடி, ஊர்வலம் எல்லாம் உண்டு. கொழும்பில் ரோயல், புனித தோமஸ் கல்லூரிகளின் போட்டி அதைவிடவும் பழையது. இலங்கையின் தேசிய விளையாட்டு என்று 1991-இல் அறிவிக்கப்பட்டது வாலிபால். அந்த நாட்டில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது என்று ஓர் இலங்கை நண்பரிடம் கேட்டேன். சிரித்தார். அங்கேயும் கிரிக்கெட்டைத் தூக்கி வளர்த்தது பள்ளிதான். பழைய மாணவர் சங்கம், பள்ளியின் மானம், பள்ளியின் மைதானம்.

நாகலாபுரம் பக்கம் அப்படி எதுவும் கிடையாது. இங்கே எந்த அரசு உயர்நிலைப் பள்ளியும் கிரிக்கெட்டுக்கு அரங்கம் கட்டவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் உருப்படியான ஒரு மட்டைகூட இருக்காது. பிறகு எப்படிக் கிரிக்கெட் ஜெயித்தது?

வழக்கமான பதில் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுவோம். 1928-லிருந்து 1980 வரை ஒலிம்பிக் ஹாக்கியில் 8 தங்கம் வாங்கிய நாடு இது. 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையும் வாங்கியது. மறு வருஷம் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்தது. இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. மண்ணிலும் புல்லிலும் கோல் வளைத்துப் பழகிய பையனுக்குக் கோடிக்கணக்கில் செலவாகும் தரை எங்கே கிடைக்கும்? 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். ஏழு வருஷ இடைவெளியில் ஓர் ஆட்டத்தின் தரை நழுவியது, இன்னோர் ஆட்டத்துக்குத் திரை கிடைத்தது. எங்கள் பக்கத்துக்கு அதற்கு முன்பே வானொலி வந்துவிட்டது. சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடக்கும்போது அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை களத்துமேட்டு டிரான்சிஸ்டரில் கேட்கும். பொங்கலுக்கும் கிரிக்கெட்டுக்கும் முடிச்சுப் போட்டது இன்றைய ஃப்ளெக்ஸ் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பணக்கணக்கு அதைவிட அப்பட்டமானது. 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷ ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. வருஷத்துக்கு 9,600 கோடிக்கு மேல் வருகிறது. மத்திய அரசின் இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 3,794 கோடி. அதில் கேலோ இந்தியா திட்டத்துக்கு 1,000 கோடி. ஓர் ஆட்டத்தின் டி.வி. பணம் மட்டுமே மத்திய அரசின் மொத்த விளையாட்டுக் கணக்கைப்போல் இரண்டரை மடங்கு.

இதெல்லாம் உண்மை. ஆனாலும் இது பாதி பதில்தான். ஐ.பி.எல். பணம் ஒரு ரூபாய்கூட நாகலாபுரம் ஏரி உள்வாயில் ஆடுகிற பையனுக்கு வரவில்லை. அவனை ஆட வைக்க அந்தப் பணம் தேவைப்படவும் இல்லை. மீதி பாதி பதில் அந்த ஆட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

தெருக் கிரிக்கெட்டின் சட்டங்களை நினைத்துப் பாருங்கள். சுவரில் கரியால் மூன்று கோடு போட்டால் ஸ்டம்ப். இடம் சின்னதா, ஒன் பிட்ச் கேட்ச் அவுட். பின்னால் முள்வேலியா, அந்தப் பக்கம் அடித்தால் ரன் கிடையாது. ஆள் ஒற்றைப்படையா, ஒருவன் ஜோக்கர், இரண்டு பக்கமும் ஆடுவான். பந்து வீட்டுக்குள் போனால் அடித்தவன்தான் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு எடுத்துவர வேண்டும். நடுவர் கிடையாது, சத்தம் அதிகமாக எவனுக்கு வருகிறதோ அவன் சொன்னதே தீர்ப்பு. இருபத்திரண்டு பேருக்கும் பெரிய வட்ட மைதானத்துக்கும் ஐந்து நாளுக்கும் என்று வகுத்த ஆட்டத்தை நான்கு பேருக்கும் ஒரு சந்துக்கும் அரை மணிக்கும் வெட்டித் தைத்துக்கொண்டார்கள் நம் பிள்ளைகள். பெரியவர் துணையில்லாமல், பள்ளியின் துணையில்லாமல் நடக்கிற ஆட்டம் அது.

மற்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு அளந்த நேர்பாதை வேண்டும், சுண்ணாம்புக் கோடு வேண்டும், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஒருவர் வேண்டும். நீளம் தாண்டுதலுக்கு மணல் குழி வேண்டும், அதை யாராவது கிளறிவிட வேண்டும். இல்லாவிட்டால் கணுக்கால் போய்விடும். கோகோவுக்கு இரண்டு கம்பமும் விசில் ஊத ஓர் ஆளும் வேண்டும். கபடிக்குச் செலவே இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் மண்ணைக் கொத்திப் பதமாக்கவில்லை என்றால் முட்டி தேய்ந்துவிடும். எதிராடுவதற்கு இன்னோர் ஊர் அணியைக் கூட்டிவரவும் ஆள் வேண்டும். சடுகுடுவென்று நாமும் செடுகுடுவென்று தெலுங்கிலும் சொல்கிற இந்த ஆட்டம் இரண்டு பக்கத்துக்கும் பொதுச் சொத்து. பள்ளிகளுக்கிடையே மண்டல, மாவட்டப் போட்டி என்று ஒன்று இருக்கும் வரைதான் அது உயிரோடிருந்தது. இந்த ஆட்டங்கள் எல்லாம் பி.டி. மாஸ்டரின் பிள்ளைகள். கிரிக்கெட் மட்டும் தெருவின் பிள்ளை. பள்ளி கையை விலக்கிக்கொண்டபோது முதல் வகை செத்தது, இரண்டாவது வகை பிழைத்தது. கிரிக்கெட் மற்றவற்றைக் கொன்றது என்ற குற்றச்சாட்டை இதற்குப் பிறகும் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆள் இல்லாத வீட்டில் குடியேறியவனைக் கொலைகாரன் என்று எப்படிச் சொல்வது?

அப்படியானால் பள்ளி ஏன் கையை விலக்கிக்கொண்டது? டெக்சாஸில் கால்பந்து உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இங்கே தேர்வு உட்கார்ந்திருக்கிறது.

ஆந்திரத்தில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இன்டர் (பதினொன்றும் பன்னிரண்டும்) சேரும்போது பெற்றோர் முதலில் கேட்பது எந்தக் கல்லூரியில் எத்தனை ரேங்க் என்று. கார்ப்பரேட் கல்லூரி என்ற சொல் தெலுங்குப் பேச்சில் கலந்து நாற்பது வருஷம் இருக்கும். விஜயவாடாவிலோ நெல்லூரிலோ திருப்பதியிலோ விடுதியோடு சேர்த்து அடுக்குமாடிக் கட்டடம். விடிவதற்கு முன்னால் ஸ்டடி அவர், இரவு சாப்பாட்டுக்குப் பின்னால் ஸ்டடி அவர், வாரக் கடைசியில் டெஸ்ட். மைதானம் என்ற பேச்சே எழாது. இன்டரோடு நிற்காமல் இந்த முறை கீழே இறங்கி வந்தது. ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று தனியார் பள்ளிகள் பலகை மாட்டுகின்றன. சின்ன ஊரிலும் மஞ்சள் வேன் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறது. வேன் ஏறுகிற பிள்ளை மாலை வீடு திரும்பும்போது வெளிச்சம் போயிருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் இதுவே நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகளாக நடந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போடச் செய்தார்கள். பதினொன்றாம் வகுப்பையே விழுங்கிய இடத்தில் கோகோ எம்மாத்திரம்?

அரசுப் பள்ளிக் கதை வேறு. அங்கே இடம் இருக்கிறது, ஆள்தான் இல்லை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலை, உடற்கல்வி, கைத்தொழில் மூன்றுக்கும் பகுதிநேர ஆசிரியர்கள் வேண்டும் என்றும் சொல்கிறது. முழுநேரமல்ல, பகுதிநேரம். கணிதத்துக்கு முழு ஆள், உடம்புக்கும் கலைக்கும் பாதி ஆள். சட்டத்தின் மனசு அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது. 2018-இல் நாடு முழுக்கக் கிராமப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்த ‘அசர்’ ஆய்வின்படி தொடக்கப் பள்ளிகளில் 5.8 சதவீதத்திலும் நடுநிலைப் பள்ளிகளில் 30.8 சதவீதத்திலும் மட்டுமே தனி உடற்கல்வி ஆசிரியர் இருந்தார்.

இருக்கிற பி.டி. மாஸ்டரின் நாளையும் பார்க்க வேண்டும். காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் வரிசை, தாமதமாக வருகிறவர்களுக்குத் தண்டனை, மதியச் சாப்பாட்டு வரிசை, விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்பில் அமைதி காப்பது, ஆகஸ்ட் 15-க்கு மார்ச் பாஸ்ட், தேர்தல் வந்தால் தேர்தல் வேலை. பத்தாம் வகுப்புக்கு டிசம்பர் தாண்டினால் பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு மாஸ்டர், ‘என் பீரியடைக் கேட்டு வாங்குகிறவர்கள் வெட்கப்படுவதில்லை, கொடுக்கிற நான்தான் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறேன்’ என்றார்.

இந்த இழப்பு எல்லாருக்கும் சமமாக விழவில்லை. உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 146 நாடுகளில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் உடலசைவைக் கணக்கெடுத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தினம் ஒரு மணி நேரம் உடம்பை அசைக்காத பிள்ளைகள் உலக அளவில் 81 சதவீதம். இந்தியாவில் 74. நாம் உலகச் சராசரியைவிடக் கொஞ்சம் மேல் என்று தெரிந்ததும் எனக்கே ஆச்சரியம். அதைவிட ஆச்சரியம், ஆய்வாளர்கள் சொன்ன காரணம். இந்தியா, வங்கதேசப் பையன்கள் ஓரளவு தேறுவதற்குத் தெருவில் தாமாக ஆடும் கிரிக்கெட் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய ஆளைச் சாட்சி வந்து காப்பாற்றுகிறார்! பெண்பிள்ளைகளும் இங்கே உலகச் சராசரியைவிட அதிகம் அசைகிறார்கள். அதற்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணம் வீட்டு வேலை. தண்ணீர் எடுப்பதும் பாத்திரம் துலக்குவதும் உடற்பயிற்சிக் கணக்கில் வந்துவிட்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தெரு பையன்களுடையது. சங்கராந்தி ஃப்ளெக்ஸ் சொல்வதும் அதைத்தான். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஒரு பெண்பிள்ளை எங்கள் பக்கம் தெருவில் பந்து பொறுக்கினால் வீட்டிலிருந்து குரல் வரும். அவள் ஓடலாம், தாண்டலாம், வியர்க்கலாம் என்று ஊர் ஒப்புக்கொண்ட ஒரே இடம் பள்ளி மைதானம். அங்கே யூனிஃபார்ம் இருக்கிறது, மாஸ்டர் இருக்கிறார், ‘ஸ்கூல்ல சொன்னாங்க’ என்ற காரணமும் இருக்கிறது. பள்ளி விளையாட்டைக் கைவிட்டபோது பையனுக்குத் தெரு மிஞ்சியது. அவளுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

எங்கள் மாநிலத்துப் பெயர் வாங்கிய பெண்களின் கதையைத் திருப்பிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 2000-இல் சிட்னியில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கி, ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணான கர்ணம் மல்லீஸ்வரி ஆந்திரத்தவர். 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஆசியாவை வென்ற விசாகப்பட்டினத்து ஜோதி யாராஜி, ஒரு காவலாளியின் மகள். அவர் உயரத்தைப் பார்த்துத் தடை ஓட்டத்துக்கு ஆவாள் என்று சொன்னது பள்ளி உடற்கல்வி ஆசிரியர். நமக்கு இன்னும் பக்கத்தில், கடப்பா மாவட்டத்தின் ஸ்ரீசரணி 2025 நவம்பரில் மகளிர் உலகக் கோப்பையை வென்ற அணியின் இடக்கைச் சுழல் பந்து வீச்சாளர். அவரும் பள்ளியில் ஓட்டம், கோகோ என்று ஆடிவிட்டுப் பதினாறு வயதுவாக்கில்தான் கிரிக்கெட்டை முழுமூச்சாக எடுத்துக்கொண்டார். ஒரே ஆட்டத்தில் சிறு வயதிலேயே பிள்ளையைக் கட்டிப்போடாதீர்கள், பதினைந்து பதினாறு வரை பொறுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் சொன்னது. ராயலசீமைப் பள்ளி மைதானம் அதை யாரும் சொல்லாமலே செய்திருக்கிறது.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம்: குகேஷ். 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். சென்னையில் வளர்ந்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் இரண்டு மாநில முதல்வர்களும் நம்ம பிள்ளை என்று கொண்டாடினார்கள். எல்லை ஊர்க்காரர்களான எங்களுக்கு அது ஒரு வாரத்துக்கு நல்ல பொழுதுபோக்கு. யாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. நான்காம் வகுப்போடு அவர் அன்றாடம் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார். அந்த வீடு துணிந்தது, அந்தப் பிள்ளை வென்றது. பள்ளிக்குள் இருந்துகொண்டே அத்தனை தூரம் போயிருக்க முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு முதல்வர்களின் வாழ்த்துச் செய்தியிலும் பதில் இல்லை.

விளையாட்டைத் தாண்டி மற்றவற்றுக்கு வந்தால் அங்கேயும் இதே கதைதான், பெயர்கள் மட்டும் வேறு. சித்தூர்ச் சீமையின் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் பாரதம் நடக்கும். பகலில் ஹரிகதை, இரவில் கூத்து, ஒரு நாள் அர்ஜுனன் தபசு மரம் ஏறுவான், கடைசியில் மண்ணால் செய்த துரியோதனன் வீழ்வான், பிறகு தீமிதி. புத்தூர், நகரிப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடகம், பாட்டு, ஒப்பனை, மேடை நிர்வாகம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. செக்க பஜனையும் கோலாட்டமும் இருக்கின்றன. இவற்றில் எதையும் பள்ளி தன் வாசலுக்குள் விட்டதில்லை. ஆண்டு விழா என்றால் போன வருஷம் ஹிட்டான சினிமாப் பாட்டுக்கு ரெக்கார்ட் டான்ஸ். மைதானத்தில் கிரிக்கெட் எப்படியோ மேடையில் சினிமாப் பாட்டு அப்படி: பள்ளி ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிள்ளைகள் ஏற்கெனவே தெரிந்துகொண்டு வருகிறார்கள்.

சினிமா வேறு விதத்திலும் இங்கே கணக்கில் வரும். ‘ஒக்கடு’ 2003-இல் தெலுங்கிலும், அதன் வழியே வந்த ‘கில்லி’ மறு வருஷம் தமிழிலும் கபடியை நாயகனின் ஆட்டமாக்கின. ‘வெண்ணிலா கபடிக் குழு’ 2009-இல் வந்தது. மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவிய ‘பைசன்’ 2025-இல் வந்தது. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக் ‘மேட்’ விரிப்பில் ஆடும் கபடியைச் சாயந்தர டி.வி.க்குக் கொண்டுவந்தது. ஆசை கூடியது நிஜம். ஆனால் மேட் வந்ததும் கபடியும் ஹாக்கி போன வழியில் ஒரு காலை வைத்துவிட்டது. மாவட்ட அளவுக்கு மேலே போக வேண்டுமென்றால் மேட் விரிப்பில் ஆடிப் பழகியிருக்க வேண்டும். ஊர்ப் பள்ளியில் மேட் எங்கே?

அரசுகள் சும்மா இருக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் முதலமைச்சர் கோப்பைக்கு 2024-இல் 11 லட்சத்துக்கு மேல் பதிந்தார்கள். பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர்கள் என்று தனித்தனிப் பிரிவுகள், கிரிக்கெட்டை ஓர் ஓரத்தில் உட்காரவைத்த பட்டியல். இந்தப் பக்கம் ‘ஆடுதாம் ஆந்திரா’ 2023 டிசம்பர் 26-இல் தொடங்கியது. கிரிக்கெட், கபடி, வாலிபால், கோகோ, பேட்மின்டன் என்று ஐந்து ஆட்டம், பதினைந்து வயதுக்கு மேற்பட்ட யாரும் ஆடலாம். கிராமச் செயலகத்திலிருந்து விசாகப்பட்டினத்து இறுதிப் போட்டி வரை போனது. ஆட்சி மாறியதும் செலவுக் கணக்கு விசாரணைக்குப் போனது. இரண்டுமே நல்ல திருவிழாக்கள். ஆனால் திருவிழா நடத்துவதும் அன்றாடம் விளக்கேற்றுவதும் வேறு வேறு வேலைகள். கிருஷ்ணதேவராயர் கட்டிய கோயிலுக்கே அன்றாட விளக்குக்கு எண்ணெய் வேண்டியிருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு இப்போது இரண்டு மாநிலத்திலும் 3 சதவீதம். அது பெற்றோரை இளக வைக்கும் என்று நினைத்தேன். நான் பேசிய பெற்றோரில் அதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு, கேள்விப்பட்டவர்கள் முதலில் கேட்டது ‘அதுக்கு எந்த கோச்சிங் சென்டர்?’ என்று.

ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் கோகோ உலகக் கோப்பையில் ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியா வென்றது. அந்த வாரம் இங்கே சங்கராந்தி விடுமுறை. மைக்கில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்த ஒரு போட்டியில், இடைவேளையின்போது யாரோ அந்தச் செய்தியைப் போனில் காட்ட, ஐந்தாறு பிள்ளைகள் பவுண்டரிக் கோட்டுக்கு வெளியே குத்துக்கால் போட்டு வரிசையாக உட்கார்ந்து கோகோ ஆட ஆரம்பித்ததைப் பார்த்தேன். இரண்டு பேருக்குச் சட்டம் தெரிந்திருந்தது, மற்றவர்களுக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு அடுத்த இன்னிங்ஸ் தொடங்கிவிட்டது.

இந்தப் பக்கத்து அரசுப் பள்ளி மைதானங்களில் ஒன்றைச் சாயந்தரம் கடந்து போவது எனக்கு வழக்கம். நாலரைக்கு மணி அடிக்கும், ஐந்துக்குக் கேட்டில் பூட்டு விழும். பெரிய மைதானம், ஓரமாக இரண்டு புங்கமரம், துருப்பிடித்த வாலிபால் கம்பம் ஒன்று, அதற்கு ஜோடி எப்போதோ போய்விட்டது. பின்பக்கச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் செங்கல் பெயர்ந்து, கால் வைத்து ஏறத் தோதாக மழமழவென்று தேய்ந்திருக்கிறது. ஐந்தரைக்கு அதன் வழியே ஒவ்வொருவனாக உள்ளே குதிப்பார்கள், முதலில் மட்டை விழும், பிறகு ஆள். அதே நேரத்துக்கு டியூஷன் முடிந்து பெண்பிள்ளைகள் சைக்கிளில் அந்தச் சுவரை ஒட்டித்தான் போகிறார்கள். உள்ளேயிருந்து பந்து சாலைக்கு வந்து விழுந்தால் அவர்களில் ஒருத்தி காலை ஊன்றி, எடுத்து, சுவருக்கு மேலே வீசிவிட்டுப் போவாள். நல்ல எறி. நேராக ஸ்டம்பு பக்கம் போகும்.